உலைக் கதிரும் கோபுர அலையும்

ராதாபுரம் தாலுகாவில் கதிர்வீச்சு அச்சத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கூடங்குளம் அணுமின் நிலையம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்த அச்சத்தை அப்படியே செல்போன் கோபுரத்தின் மேலும் ஏற்றுவது சரியல்ல. உலைக்குள் பிறக்கும் காமா கதிர் உயிரணுவின் டிஎன்ஏ இழையையே அறுக்கும். கோபுரம் வீசும் ரேடியோ அலைக்கு அந்த வலு கிடையாது. அளவு மிஞ்சினால் உடலிலுள்ள நீர் மூலக்கூறுகளை உலுக்கிச் சூடேற்றும். அப்போதும் முதலில் அடிபடுவது, சூட்டைக் கடத்திச் செல்ல ரத்த ஓட்டம் இல்லாத கண்வில்லை போன்ற இடங்கள்தான். சூடேறாத அளவிலும் கேடுண்டா என்ற ஆய்வு இன்னும் முடியவில்லை. 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலையை 2பி பட்டியலில், அதாவது ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற ஐயப் பட்டியலில் வைத்தது. இந்தியா 2012 செப்டம்பரில் கோபுர அலைக்கான வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது, நல்ல முடிவு. கோபுரமே வேண்டாம் என்று விரட்டினால் என்ன ஆகும்? சிக்னல் ஒற்றைக் கோட்டுக்கு இறங்கும். தூரத்துக் கோபுரத்தை எட்டக் கைப்பேசி கூடுதல் வலுவோடு அலை வீசும், அதுவும் காதோடு ஒட்டியபடி. எனவே கோபுரத்தை அகற்றச் சொல்வதைவிட அளவைக் கேட்பதே முறை. தொலைத்தொடர்புத் துறை அளந்த எண்ணை, அனுமதித்த வரம்போடு சேர்த்து, ஒவ்வொரு ஊராட்சி அலுவலகப் பலகையிலும் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.