உண்டியலும் ரசீதுப் புத்தகமும்

மழைக்காலம் வந்தால் தேவிகுளம் மலையில் நமக்கு இரண்டு பயம். ஒன்று, மண் சரியுமோ என்ற பயம். மற்றொன்று, சரிந்த மறுநாள் உண்டியலோடு கிளம்புகிறவர்களைப் பற்றிய பயம். அந்த வரிசையில் நாமும் உண்டு என்பதால் இதை எழுதுகிறோம்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலை பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் லயங்கள் மண்ணுக்குள் போயின. பலியானவர் 70 பேர். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. மறுநாள் கரிப்பூரில் விமான விபத்து. அங்கே இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், பெட்டிமுடிக் குடும்பத்துக்கு 5 லட்சம் என்று மாநில அரசு அறிவித்தது. நாம் கொதித்தோம். நியாயந்தான். ஆனால் ஏழையை இளப்பமாக நிறுக்கும் அதே தராசு நம் கையிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

அந்நாளில் ஒரு வியாபாரி பெருந்தொகை தர முன்வந்தார். ஒரே நிபந்தனை: பெற்றோரை இழந்த பிள்ளைகள் அவருடைய கடை பேனருக்கு முன்னால் நோட்டுப் புத்தகத்தோடு வரிசையாக நிற்க வேண்டும், படம் எடுக்க. கமிட்டியில் இரண்டு இரவு வாதம். பணம் பிள்ளைகளுக்குத்தானே என்றது ஒரு பாதி. கடைசியில் வேண்டாமென்று சொல்லிவிட்டோம். நோட்டுக்கு விலை உண்டு. பிள்ளையின் முகத்துக்கு இல்லை.

அதே வசூலில் நம் தப்பும் உண்டு. ஒரு ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை திரும்பி வரவில்லை. ரயில்வே கவுண்டரில் கணக்கு ஒத்துப்போகாமல் எழுந்திருக்க முடியாது, குறைந்தால் கைப்பணம். சங்கத்தில் மட்டும் 'நம்ம ஆள்தானே' என்று விட்டோம். பிறகு கமிட்டிக்காரர்கள் பகிர்ந்து கட்டினோம். பணம் சரியாயிற்று, போன பெயர் திரும்ப ஒரு வருஷம் ஆயிற்று.

ஆகவே தோழர்களே, சிலவற்றை விதியாகக் கொள்வோம். எண்ணிட்ட ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. வசூலிப்பவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் வேறொருவர். எந்தக் காரியத்துக்கு வாங்கினோமோ அதற்கே செலவு. மிஞ்சினால் கொடுத்தவரைக் கேட்க வேண்டும். யாரிடம் கூலி உயர்வு கேட்கிறோமோ அவரிடம் நன்கொடை கேட்கலாகாது. வாங்கிய கை மேசையில் ஓங்காது. வளைகுடாவில் உழைக்கும் நம் உறவினர் இந்தியக் குடிமகனாக இருந்தால் அவர் சம்பாத்தியத்திலிருந்து தருவது அந்நிய நிதி ஆகாது. அந்நியக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால், 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அது இல்லாமல் தொடக் கூடாது.

கணக்கை ஆபீஸ் பலகையில் ஒட்டினால் போதாது. லயத்து வாசலில் உரக்கப் படிக்க வேண்டும். 2015 செப்டம்பரில் மூணாறுப் பெண் தொழிலாளர்கள் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாமே ரோட்டில் உட்கார்ந்தார்கள். தங்கள் பெயரில் மற்றவர் பேசியதும் முடித்ததும் போதும் என்றார்கள். அந்தப் பாடம் வசூலுக்கும் பொருந்தும். யார் பெயரில் வாங்குகிறோமோ அவர்களில் இருவராவது கமிட்டியில் உட்கார வேண்டும்.

கடைசியாக ஒன்று. அரிசிக்கும் கம்பளிக்கும் உண்டியல் குலுக்கலாம். பத்திரமான வீடும் சமமான நிவாரணமும் உரிமை. அதை மனுவாலும் ஊர்வலத்தாலும் கேட்க வேண்டும். உண்டியல் நிறைந்துவிட்டது என்று ஊர்வலத்தை நிறுத்தினால், நாம் வசூலித்தது ஏழைக்காக அல்ல, அரசாங்கத்துக்காக.