கதிருக்கு முன்னே நெல்லிக்காய்

1950 ஜனவரியில் கல்கத்தாவுக்கு வந்த ஒரு பிரெஞ்சுப் பெண்மணி, பத்து நாள் இடைவெளியில் இரண்டு திறப்பு விழாக்களை நடத்திக்கொடுத்தார். 2ஆம் தேதி சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனை. 11ஆம் தேதி மேகநாத் சாஹா உருவாக்கிய அணு இயற்பியல் நிறுவனம். வந்தவர் மேரி கியூரியின் மகள், நோபல் பரிசு பெற்ற ஐரீன் ஜோலியோ-கியூரி. ஆறே ஆண்டுகளில், 58 வயதில், ரத்தப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. முதல் உலகப் போரில் எக்ஸ்ரே வண்டிகளோடு அலைந்ததும், ஆய்வுக்கூடத்தில் பொலோனியத்தோடு பழகியதும்தான் காரணம் என்று கருதப்படுகிறது. தாயும் கதிருக்கே பலியானவர்.

கதிரிடமிருந்து உடம்பைக் காக்க மருந்து கிடையாதா? அவர் கல்கத்தா வருவதற்கு முந்தைய வருடம்தான் ஒரு பதில் கிடைத்திருந்தது. அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் ஹார்வி பாட் குழுவினர், புரத உணவில் சாதாரணமாக இருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை எலிகளுக்கு ஏற்றிவிட்டு, கொல்லும் அளவுக்கு எக்ஸ்ரே பாய்ச்சினார்கள். பல எலிகள் பிழைத்துக்கொண்டன. கதிர் பாய்ந்த பிறகு சிஸ்டீன் கொடுத்தபோது பயனில்லை.

ஏன் அப்படி? நம் செல்களில் பெரும்பகுதி தண்ணீர். கதிர் அந்தத் தண்ணீரைப் பிளக்கும்போது பிறக்கும் முரட்டு மூலக்கூறுகள்தான் மரபணு இழையை உடைக்கின்றன. எக்ஸ்ரே, காமா கதிர்களின் சேதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இவற்றின் கைங்கரியம். இவற்றின் ஆயுளோ ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. தடுக்கிற பொருள் அந்த நேரத்தில் அந்த இடத்திலேயே இருந்தாக வேண்டும். ஸ்கேன் எடுத்து வீடு திரும்பியதும் நெல்லிக்காய் ஜூஸ் குடிப்பவர்கள் ருசிக்காகக் குடிக்கலாம். முரட்டு மூலக்கூறுகள் எப்போதோ வேலையை முடித்திருக்கும்.

நம் நாட்டுச் செடிகளுக்கும் இந்த ஆராய்ச்சியில் பங்குண்டு. மணிபாலில் உமா தேவியின் குழு துளசி இலையிலிருந்து ஓரியென்டின், விசெனின் என்ற இரண்டு பொருள்களைப் பிரித்து, கதிர் பாய்ச்சும் முன் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டது. ஆனால் சுண்டெலிக்குப் பலித்தது மனிதனுக்கும் பலிக்கும் என்று லேகிய விளம்பரக்காரர்கள்தான் அவசரப்பட்டுச் சொல்வார்கள்.

நிஜமான சிக்கல் புற்றுநோயாளிக்குத்தான். வாரம் ஐந்து நாள், ஆறேழு வாரம் கதிர் சிகிச்சை. வாய் வெந்து எச்சில் விழுங்க முடியாதவருக்கு, பாசமுள்ள மச்சானோ மகளோ வைட்டமின் ஈ மாத்திரை, சத்து மாவு, லேகியம் என்று வாங்கி வந்து கொடுப்பார்கள். கொல்கத்தாவிலும் இதே கதை; கோரமண்டல் ரயிலேறி வேலூர் வரும் வங்காளிக் குடும்பத்திலும் இதே கதை. கதிர் கட்டியைக் கொல்வதும் அதே முரட்டு மூலக்கூறுகளால்தான் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. நல்ல செல்லைக் காக்கும் மாத்திரை கட்டியையும் காத்தால்?

கனடாவில் கதிர் சிகிச்சை பெற்ற 540 தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பாதிப்பேருக்கு வைட்டமின் ஈ. அவர்களில் சிலருக்கு பீட்டா கரோட்டினும் சேர்த்து. 2005இல் முடிவு வந்தது. இரண்டும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குக் கடுமையான பக்க விளைவுகள் குறைந்தது உண்மை. ஆனால் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்பும் போக்கு கூடுதலாகத் தெரிந்தது. மறுவருடக் கணக்கில் அவர்களிடையே இறப்பும் அதிகம். சிகிச்சை நாட்களிலும் புகைத்துக்கொண்டே இருந்தவர்களிடம் இது பளிச்சென்று தெரிந்தது. புகையிலையால் வாய்ப் புற்றுநோய் மலிந்த நம் நாட்டில் இதைக் கவனிக்காமல் விடுவதற்கில்லை.

நல்ல செல்லை மட்டும் பார்த்துக் காக்கும் மருந்து இல்லாமலில்லை. அமெரிக்க ராணுவம் அணுப் போருக்காக ஆயிரக்கணக்கான ரசாயனங்களைச் சலித்துக் கண்டெடுத்த அமிஃபோஸ்டின், கதிர் சிகிச்சையால் வாய் உலர்வதைக் குறைக்க 1999இல் அங்கே அனுமதி பெற்றது. சிகிச்சைக்குச் சில நிமிடங்கள் முன் நரம்பில் ஏற்ற வேண்டும். வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும். வீட்டில் டப்பாவில் வைத்துக்கொள்ளும் சரக்கல்ல.

சாப்பாட்டில் வரும் மஞ்சள், கீரை, பழம், ஒரு கோப்பை டார்ஜிலிங் தேநீர் பற்றிக் கவலை வேண்டாம். மருத்துவர்கள் அஞ்சுவது மாத்திரையாகவும் சாறாகவும் திரட்டிய பெரிய அளவைத்தான். கதிர் சிகிச்சைக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் மாத்திரைப் புட்டி, சூரணம், லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டரின் மேஜையில் கொட்டிக் காட்டுங்கள். எதை நிறுத்துவது, எவ்வளவு நாளைக்கு என்பதை அவர் சொல்லட்டும்.