ஒரே ஆவணத்தில் நாலு பேர்

"மகளுக்குப் பள்ளியில் குழு வேலை. நாலு பேர் சேர்ந்து ஒரு ஆவணத்தில் எழுத வேணும். எழுதுறது இவ ஒராள்தான். மற்ற மூண்டு பேரும் பெயர் மட்டும் போட்டிருக்கினம். கடைசியில் நாலு பேருக்கும் ஒரே புள்ளி. இது என்ன நியாயம்?"

நான் ஒஸ்லோவில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் படிப்பிக்கிறன் என்று தெரிந்த பெற்றோர், கலியாண வீட்டிலும் பிறந்தநாள் விழாவிலும் என்னிடம் கேட்கிற கேள்விகளில் இது முதல் மூன்றுக்குள் வரும். கேள்வி நியாயமானது. ஆனால் அந்த மற்ற மூன்று பிள்ளைகளும் சோம்பேறிகள் என்று உடனே முடிவெடுக்காதீர்கள். ஒரு ஆவணத்தில் நாலு பேர் எப்படி வேலை செய்வது என்று அவர்களுக்கு ஒருவரும் காட்டிக் கொடுக்கவில்லை என்பதுதான் பல வேளைகளில் காரணம்.

எங்கட பிள்ளைகள் கைபேசியோடு வளர்ந்தவை, இதெல்லாம் தானாகத் தெரியும் என்று நாங்கள் நினைக்கிறம். ஆகஸ்ட் மாதம் முதலாம் ஆண்டு வகுப்புக்குள் வந்து பாருங்கள். ஒரு பிள்ளை தட்டச்சுச் செய்யும், மூன்று பேர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பினம். இல்லாவிட்டால் நாலு பேரும் நாலு கோப்பில் தனித்தனியாக எழுதி ஸ்னாப்சாட்டில் அனுப்ப, ஒராள் கடைசி இரவில் எல்லாவற்றையும் ஒட்டித் தைக்கும். கூகுள் டொக்ஸும் டீம்ஸும் அவர்களின் கணினியில் இருக்கின்றன. ஆனால் அவற்றை வெறும் தட்டச்சு இயந்திரமாகத்தான் பாவிக்கினம்.

நோர்வேயின் பாடத்திட்டம் 2006இலேயே டிஜிட்டல் திறனை வாசிப்பு, எழுத்து, பேச்சு, கணக்கோடு சேர்த்து ஐந்து அடிப்படைத் திறன்களில் ஒன்றாக வைத்தது. 2020இல் வந்த புதிய பாடத்திட்டத்திலும் அது இருக்கிறது. ஆனால் எந்தப் பொத்தானை அமத்துறது என்று தெரிந்துகொள்வது இதில் சின்னப் பங்குதான். இன்னொருவர் எழுதிய வசனத்தில் அவருடைய உரிமையைப் பறிக்காமல் எப்படிக் கை வைப்பது என்பதுதான் பெரிய பாடம்.

வகுப்பில் நான் இதை ஒரு சின்னப் பயிற்சியோடு தொடங்குவன். பிழைகள் நிறைந்த ஒரு பந்தியை நாலு பேருக்கும் பகிர்ந்துவிட்டு, "15 நிமிசம் இருக்கு, கதைக்காமல் திருத்துங்கோ" என்பேன். ஐந்து நிமிசத்தில் சண்டை வரும். ஒருவர் திருத்தியதை இன்னொருவர் அழிப்பார். உள்நுழையாமல் இணைப்பு வழியாக மட்டும் வந்தவர் திரையில் "பெயர் தெரியாத" ஏதோ ஒரு மிருகமாகத் தெரிவார், யார் என்று ஒருவருக்கும் விளங்காது. பிறகு அதே பந்தியை நாலு விதிகளோடு திரும்பத் தருவேன்.

முதலாவது, எல்லாரும் தங்கள் பெயரில் பள்ளிக் கணக்கால் உள்ளே வர வேணும்.

இரண்டாவது, உன்னுடைய பகுதியில் நீ நேரடியாக எழுது. மற்றவரின் பகுதியில் பரிந்துரை முறையில் மட்டும் எழுது. கூகுள் டொக்ஸில் பரிந்துரை முறை என்று தனியாகவே இருக்கிறது, வேர்டில் மாற்றங்களைக் குறித்துவைக்கும் வசதி இருக்கிறது. இரண்டிலும் பழைய சொல் அழியாமல் நிற்கும், புதியது பக்கத்தில் வேறு நிறத்தில் வரும். ஏற்பதா விடுவதா என்று எழுதியவர் முடிவெடுப்பார்.

மூன்றாவது, விளங்காத இடத்தில் ஓரக்குறிப்புப் போடு, அதைக் கேள்வியாக எழுது. "இது பிழை" என்று எழுதினால் மற்றப் பிள்ளை ஆவணத்தை மூடிவிட்டுப் போகும். "இந்த எண் எந்த ஆண்டுக்குரியது?" என்று கேட்டால் போய்த் தேடும்.

நாலாவது, வேலையைப் பெயர் சொல்லி ஒப்படை. ஓரக்குறிப்பில் பெயரைக் குறித்து, எந்த நாளுக்குள் என்றும் எழுது. "யாராவது செய்யுங்கோ" என்று எழுதினால் ஒருவரும் செய்யமாட்டினம். அது கோயில் திருவிழாவுக்கும் பொருந்தும், குழு வேலைக்கும் பொருந்தும்.

இந்த நாலையும் பழகின குழுவில் "நான் ஒராள்தான் செய்தனான்" என்ற முறைப்பாடு குறையும். முற்றாக நிற்காது. ஆனால் பிள்ளை ஆசிரியரிடம் வந்து அழாமல், ஆவணத்தின் மாற்ற வரலாற்றைத் திறந்து காட்டலாம். யார், எந்த நாள், எந்த வசனத்தை எழுதினார் என்று அதில் இருக்கும். எங்கட வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு இது முக்கியம் என்று நினைக்கிறன். மற்றவரோடு முரண்படப் பயந்து முழு வேலையையும் தாங்களே தலையில் தூக்குகிறவர்களில் அவர்களைத்தான் நான் அதிகம் காண்கிறன். "உன்ர பகுதி இன்னும் வெறுமையாக இருக்கு, வியாழனுக்குள் எழுதுவியா?" என்று ஒரு ஓரக்குறிப்புப் போடப் பழகினால் அதுவே பெரிய படிப்பு.

ஒஸ்லோவில் இதெல்லாம் ஒரு வசதி. மெட்ரோவில் ஏறினால் பள்ளி வந்துவிடும், ஆவணம் சரிவராவிட்டால் இடைவேளையில் கன்டீனில் இருந்து கதைத்து முடிக்கலாம். வடக்கில் சில பிள்ளைகளுக்கு இந்த ஆவணம்தான் கரும்பலகை, கொப்பி, ஆசிரியரின் சிவப்புப் பேனை எல்லாம். அதை நான் பாட்ஸ்பியோர்ட்டில் பார்த்தன்.

இந்தப் பத்தியை வாசிக்கிற சிலருக்கு அந்த ஊர் பிறந்த ஊர். மற்றவர்களுக்காகச் சொல்லுறன்: பின்மார்க்கில், பாரன்ட்ஸ் கடலோரம், சுமார் 2,000 பேர் வாழுகிற மீன்பிடி ஊர். நவம்பர் கடைசியிலிருந்து சனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழும்பாது. 80களின் பிற்பகுதியிலிருந்து எங்கட அம்மா அப்பாமார் பலர் இப்படியான ஊர்களின் மீன் ஆலைகளில்தான் நோர்வே வாழ்க்கையைத் தொடங்கினவை. பிறகு பல குடும்பங்கள் தெற்கே இறங்கின. பிள்ளைகளின் படிப்பு அதற்கு ஒரு முக்கிய காரணம். மேல்நிலைப் பள்ளிக்கு வார்டோ, வாட்சோ போன்ற ஊர்களுக்குப் போக வேணும். கடல் வழியாகப் பார்த்தால் வார்டோ கிட்ட, பாதையால் போனால் தானா பக்கம் சுற்றி வர வேணும். குளிர்காலப் புயலில் மலைப்பாதையை மூடிவிடுவார்கள். அதனால் 15, 16 வயதில் பிள்ளை வீட்டை விட்டு வேற ஊரில் ஹீபல் எடுத்துத் தனியாக இருந்து படிக்க வேணும். தமிழ் அம்மாவுக்கு இது எப்படி இருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை.

இதற்கு மாற்றாகப் பின்மார்க்கில் லோசா என்ற ஏற்பாடு வந்தது. உள்ளூர் வேலைத்தலங்களோடு சேர்ந்து உள்ளூரிலேயே கல்வி என்பது அதன் பொருள். சின்ன ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் இருந்தபடியே மேல்நிலைப் படிப்பைத் தொடங்கலாம். பாட ஆசிரியர் வேறு ஊரிலிருந்து வீடியோவில் படிப்பிப்பார், உள்ளூரில் ஒரு வழிகாட்டி கூட இருப்பார், தொழிற்பயிற்சி ஊர் நிறுவனங்களில் நடக்கும்.

என் மச்சாளின் மகன் இப்படித்தான் படிக்கிறான். போன இலையுதிர்கால விடுமுறைக்கு அங்கே போனபோது அவன்ர நோர்வேஜியன் பாடக் கட்டுரையைக் காட்டினான். ஓரம் முழுக்க உரையாடல். ஆசிரியர் கேட்டிருக்கிறா: "இங்கே நீ சொல்ல வந்தது என்ன?" இவன் பதில் எழுதியிருக்கிறான். ஆசிரியர் திரும்ப: "அப்ப அதையே எழுது." வேறு ஊரில் இருக்கிற வகுப்புத் தோழி ஒருத்தி, "உன்ர மூண்டாவது பந்திதான் நல்லது, அதை முதல் கொண்டு வா" என்று எழுதியிருந்தாள். "ஆளை நேரில காணாமல் படிக்கிறது கஷ்டமா?" என்று கேட்டன். "எழுத்தில கோவமா எழுதினா ஆள் கோவம் எண்டு நினைப்பினம். அதுதான் கஷ்டம். இப்ப பழகிட்டுது, முதல் நல்லதைச் சொல்லிட்டுத்தான் பிழையைச் சொல்லுறது" என்றான். நான் வகுப்பில் ஒரு தவணை முழுக்கப் படிப்பிக்கிற பாடம் அது. அவனுக்கு ஒரு இடைவேளையும் கன்டீனும் இல்லாததால் தேவையே அதைப் படிப்பித்துவிட்டது.

இனி எங்களுக்கு வருவம். எங்கட அம்மா அப்பாவுக்கு எங்கட நோர்வேஜியன் கட்டுரையில் கை வைக்கத் தெரியாது. ஆலையில் பத்து மணித்தியாலம் நின்றுவிட்டு வந்து, "படிச்சிட்டியா?" என்று கேட்பதோடு அவர்களின் உதவி முடிந்தது. நாங்கள் அப்படி இல்லை. பிள்ளையின் கட்டுரையைத் திறந்து ஒரு பார்வையில் பத்துப் பிழை பிடிக்கக்கூடிய பெற்றோர் நாங்கள். நோர்வேயில் அது தெரிந்த முதல் தமிழ்ப் பெற்றோர் தலைமுறை எங்கடதுதான். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

பிள்ளையின் ஆவணம் எங்கட வீட்டுக் கணினியில் திறந்தே இருக்கும். இரவு பதினொன்றரைக்கு "சும்மா ஒரு வசனம்" என்று தொடங்குவம். மூன்றாவது வசனத்தில் அது எங்கட கட்டுரை ஆகிவிடும். ஆசிரியருக்கு அது தெரிகிறது. மாற்ற வரலாற்றில், மெதுவாக எழுதி அழித்து எழுதின பிள்ளையின் தடத்துக்கு நடுவில் ஒரு நீண்ட, பிழையே இல்லாத பந்தி ஒரே மூச்சில் வந்து விழுந்திருக்கும். அதைப் பார்க்கிற ஆசிரியர் அம்மாவை நினைக்கமாட்டார், முதலில் செயற்கை நுண்ணறிவைத்தான் நினைப்பார். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு எல்லா ஆசிரியருக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது. விளக்கம் சொல்ல வேண்டிய இடத்தில் நிற்பது உங்கட பிள்ளை. அதைவிட, "நான் எழுதினது காணாது, அம்மா எழுதினால்தான் சரி" என்று பிள்ளை மனதில் பதிவது இன்னும் பெரிய நட்டம்.

உதவி செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை உங்களைக் கேட்டால், ஓரக்குறிப்புப் போடும் உரிமையோடு மட்டும் ஆவணத்தைப் பகிரச் சொல்லுங்கள். அப்போது நீங்கள் நினைத்தாலும் வசனத்தை மாற்றேலாது. கேள்வி மட்டும் கேளுங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று குறிப்புக்கு மேல் போடாதீர்கள். அதில் ஒன்றாவது பிடித்த இடத்தைச் சொல்லட்டும்.

நேர்மையாக எழுதுகிற பிள்ளைக்கு இதே வரலாறு காவலாகவும் நிற்கும். தொடக்கத்திலிருந்து பள்ளி ஆவணத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வேறு எங்கோ எழுதிக் கடைசியில் ஒட்டினால், வளர்ந்த தடம் இருக்காது. "இது நீ எழுதினதா?" என்று யாராவது கேட்டால், முதல் நாள் எழுதின அரைகுறை வசனத்திலிருந்து காட்டலாம். அது முழுச் சாட்சி அல்ல, ஆனால் கதைக்கத் தொடங்க ஒரு இடம்.

பகிர்வு உரிமையையும் ஒருமுறை சேர்ந்து பாருங்கள். "இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்" என்று விட்டால், அந்த இணைப்பு எந்த அரட்டைக் குழுவுக்குள் போகும் என்று சொல்லேலாது. பெயர் குறித்துப் பகிர்வது நல்லது. பள்ளிகள் இந்தச் சேவைகளைப் பாவிப்பதே கேள்விக்குள்ளான இடங்களும் உண்டு. 2022இல் டென்மார்க்கின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஹெல்சிங்கோர் நகராட்சிப் பள்ளிகளில் கூகுள் சேவைகளையும் குரோம்புக்கையும் தடை செய்தார்கள். அதனால் வீட்டுப் பிரச்சினை, நோய், நண்பர் சண்டை போன்றவற்றைப் பள்ளிக் கணக்கில் எழுதி வைக்க வேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். படிப்பு முடிந்த பிறகு பள்ளிக் கணக்கு மூடப்படும் என்பதையும் நினைவுபடுத்துங்கள். மூன்று வருட எழுத்தை அதற்கு முன் இறக்கி வைக்க வேணும்.

சேர்ந்து எழுதுவது தமிழுக்கும் புதிதில்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை வளர்த்தவர்களில் முன்னோடியான மயூரநாதன் இலங்கையர். அங்கே எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் மேலே வரலாறு என்ற பக்கம் இருக்கும். அதைப் பிள்ளையோடு ஒருநாள் திறந்து பாருங்கள். யாரோ தொடங்கினதை யாரோ திருத்தி, யாரோ மறுத்து, உரையாடல் பக்கத்தில் வாதாடி ஒரு கட்டுரை வளர்ந்ததை அதில் காணலாம்.

வீட்டில் பழக ஒரு வழி சொல்லுறன். பிள்ளை, நீங்கள், அம்மம்மா, வேறு நாட்டில் இருக்கிற ஒரு மச்சான் என்று நாலு பேருக்கு ஒரு ஆவணம் தொடங்குங்கள். தலைப்பு "அம்மம்மா ஆலையில் வேலை செய்த காலம்" என்று இருக்கட்டும். அம்மம்மா கைபேசியில் தமிழில் சொன்னால் அது எழுத்தாகும். பிழைகள் வரும், பரவாயில்லை. பிள்ளை அதைப் பரிந்துரை முறையில் திருத்தட்டும், நோர்வேஜியனில் பக்கத்தில் எழுதட்டும், விளங்காத இடத்தில் கேள்வி போடட்டும். அம்மம்மா "தொஷ்க்" என்று சொன்னதைப் பிள்ளை "கொட் மீன்" என்று மாற்றினால், ஏற்பதா விடுவதா என்று அம்மம்மாவே முடிவெடுக்கட்டும். அவ "தொஷ்க்" என்றே இருக்கட்டும் என்பா. அப்படியே விட வேணும் என்று பிள்ளைக்கு அந்த இடத்தில் விளங்கும்.