பளபளப்புக்கா காசு?

சுருட்டி நீரில் ஊறவைத்த கோரைப்பாயை வாளால் வெட்டிப் பழகுவதற்கு ஜப்பானில் 'தமேஷிகிரி' என்று பெயர். இதற்கு வாள் வாங்குகிறவர்கள் பலர் உறையையும் கைப்பிடிக் கயிற்றையும்தான் முதலில் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அது வீண் செலவு.

ஜப்பானில் உரிமம் பெற்ற கொல்லர் அடித்த வாள் லட்சங்களில் விற்கும். வெளிநாட்டில் பழகுகிறவர்களுக்குக் கைக்கு எட்டுவது சீனாவின் லோங்சுவான் வாள். 1060 ஸ்டீல், அதாவது 0.60 சதவீதம் கார்பன், சீராகக் கடினப்படுத்தியது போதும். களிமண் பூசிக் குவென்ச் செய்தது அழகுதான். ஆனா புதுசா பழகுறவர் கோணலா வெட்டினா வளைஞ்சு அப்படியே நின்னுடும். சுவரில் மாட்டும் ஸ்டெயின்லெஸ் வாளோ வேண்டவே வேண்டாம். நம்ம ஒர்க்‌ஷாப் அரத்துக்குப் பிடிக்குள்ள போகிற வால் இருக்கே, அதைவிட ஒல்லியான கம்பியை வெல்டு வைத்து ஒப்பேற்றியிருப்பார்கள். வீசும்போது அது முறிஞ்சா, அலகு யார் மேல பாயும்?

மிச்சக் காசைப் பிடியில் போடுங்கள். வாலையும் பிடியையும் சேர்த்து நிறுத்துவது 'மெகுகி' என்ற மூங்கில் ஆணி. அது லொடலொடத்தால் முற்றிய மூங்கிலில் புதிதாகச் சீவி, டேப்பர் பார்த்து இறுக்கணும். உறை என்ன நிறமா இருந்தா என்ன? வெட்டுமுன் அந்த ஆணியைத் தொட்டுப் பார்க்காதவர் பக்கத்தில் நான் நிற்க மாட்டேன்.