சர்க்கரை பூசிய பகைவன்

பொன்முடி மலைச்சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு என்பது திருவனந்தபுரத்தில் குடியேறிய நம் குடும்பங்களின் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். கொரோனா வைரசின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முள் போன்ற புரதத்திலும் இந்த 22 வருகிறது. அந்த முள் ஒரே மாதிரியான மூன்று பாகங்களால் ஆனது. ஒவ்வொரு பாகத்திலும் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டும் இடங்கள் 22. ஆக மொத்தம் 66. எண் ஒற்றுமை தற்செயல்தான். ஆனால் மலையேறும் ஓட்டுநர் வளைவுகளை அறிந்திருப்பதுபோல, நோய்க்கு அஞ்சும் நாமும் இந்தச் சர்க்கரையைச் சற்று அறிந்திருப்பது நல்லது.

சர்க்கரை என்றதும் காப்பியில் போடும் சீனியை நினைக்க வேண்டாம். இவை நம் உயிரணுக்களின் மேல் கிளை விட்டு நிற்கும் சர்க்கரைச் சங்கிலிகள். இத்தகைய வைரசுக்கு அவற்றைச் செய்யும் பட்டறை சொந்தமாகக் கிடையாது. நம் உயிரணுவுக்குள் புகுந்து, அங்கே நடக்கும் வேலையோடு வேலையாகத் தன் புரதத்துக்கும் பூசி வாங்கிக்கொள்கிறது. நம் வீட்டு வேட்டியையே கட்டிக்கொண்டு நடமாடும் திருடனைக் காவல்காரன் எப்படி அடையாளம் காண்பான்?

நான் டிப்ளமோ படித்து, ரயில்வேயில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன், மருத்துவன் அல்லன். ஆயினும் உராய்வு எனக்குப் பழகிய விஷயம். வளைவுகளில் தண்டவாளத்தின் பக்கவாட்டில் கிரீஸ் தடவுவார்கள். சக்கர விளிம்பு உரசித் தேயாமல் இருக்க. அதே கிரீஸ் தண்டவாளத்தின் மேற்பரப்பில் ஏறிவிட்டால் சக்கரம் வழுக்கும். பிடிப்பும் வேண்டும், வழுக்கலும் வேண்டும், எல்லாம் அளவோடு.

ஃப்ளூ வைரசின் கதையும் இதுதான். நம் மூக்குச் சளியிலும் தொண்டை உயிரணுக்களிலும் சயாலிக் அமிலம் என்ற சர்க்கரை உண்டு. எச்1என்1 என்ற பெயரில் ‘எச்’ அதைப் பற்றிக்கொள்ளும் புரதம். ‘என்’ அதை வெட்டிவிடும் புரதம். பற்றாவிட்டால் உள்ளே நுழைய முடியாது. வெட்டாவிட்டால் சளியில் சிக்கிக்கொள்ளும். பெருகி வெளிவருபவையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒசெல்டாமிவிர் மருந்து முடக்குவது இந்த வெட்டும் புரதத்தைத்தான்.

நிபாவைப் பற்றிக் கேரளத்தில் வாழும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018 மே மாதம் கோழிக்கோட்டுப் பகுதியில் அது பரவியபோது, நோயாளிக்குப் பணிவிடை செய்த செவிலியர் லினியும் உயிர் துறந்தார். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், நிபாவின் புரதம் ஒன்றிலிருந்து சில சர்க்கரைகளை நீக்கிப் பார்த்தார்கள். அது உயிரணுவோடு முன்னைவிட எளிதாக இணைந்தது. ஆனால் நம் உடலின் எதிர்ப்பொருள்களுக்கும் எளிதில் அடங்கியது. கவசம் உயிரைக் காக்கிறது, சுமையாகவும் இருக்கிறது.

இதையெல்லாம் சங்க இதழில் எழுதுவானேன் என்று கேட்கலாம். ‘வைரசின் மேல் சர்க்கரை’ என்று அரைச் செய்தி காதில் விழுந்தால் போதும், இனிப்பை நிறுத்தினால் வைரஸ் பட்டினி கிடந்து சாகும் என்று முழு வைத்தியமே கிளம்பிவிடும். ஒசெல்டாமிவிருக்கான மூலப்பொருள் நம் பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கப்பட்டது உண்மை. ஆனால் பல வேதிமாற்றங்களுக்குப் பிறகே அது மருந்தாகிறது. அன்னாசிப்பூக் கஷாயம் அந்த மருந்தாகாது. ஃப்ளூ மருந்து நோய் கண்ட முதல் இரண்டு நாள்களுக்குள் தொடங்கினால்தான் நன்கு பலன் தரும். ஊரில் இருக்கும் வயதான பெற்றோருக்குத் தொலைபேசியில் கஷாயக் குறிப்பு சொல்லிவிட்டு நாம் இங்கே நிம்மதியாகத் தூங்கினால், அந்த இரண்டு நாள்களும் அடுப்படியிலேயே போய்விடும்.

நம் மாவட்டத்திலேயே, தோன்னக்கலில், 2019-இல் திறக்கப்பட்ட வைரஸ் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கிருந்தோ மருத்துவக் கல்லூரியிலிருந்தோ தமிழறிந்த ஒருவரை ஆண்டுக்கு ஒருமுறை அழைத்துத் தமிழில் பேசச் சொல்ல வேண்டும் என்பது சங்கத்துக்கு என் வேண்டுகோள். பட்டிமன்றத்துக்கு ஒரு மாலையை ஒதுக்கும் நாம், இதற்கும் ஒன்றை ஒதுக்கலாகாதா? பொன்முடி உலாவில் வௌவால் கடித்த பழத்தைத் தொடாதே என்று பிள்ளைகளை அதட்டுகிறோம். ஏன் என்று அவர்கள் கேட்டால் விளக்கிச் சொல்லவும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அன்பர்களே.