நாவின் இரு தொழில்

கடவுள் நாவிற்குத் தொழில் இரண்டு வகுத்தருளினார். ஒன்று சுவைத்தல், மற்றொன்று பேசுதல். ஓர் இனத்தார் முன்னதைப் பொன்னேபோற் போற்றிப் பின்னதைக் கைநெகிழ விடுவாராயின், அவர் தம் முன்னோர் வைத்துப்போன செல்வத்தைக் காத்தவராவரோ? அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பாலுள்ள லூயிசியானா மாகாணத்துக் கேஜன் மக்களின் உணவுத் திருவிழாவைப்பற்றி அறிந்தபோது நம் உள்ளத்தே எழுந்த வினா இதுவாம்.

டெஷ் என்னும் மெல்லிய நீரோட்டத்தின் கரையில் புரோ பிரிட்ஜ் என்றோர் சிற்றூர் உளது. 1959-இல் அம்மாகாணச் சட்டமன்றம் அதனை உலகத்தின் கிராபிஷ் தலைநகர் எனப் பாராட்டிற்று. மறு ஆண்டில் தொடங்கிய விழா மே மாதத் தொடக்கத்தே நிகழ்வதாயிற்று. கிராபிஷ் என்பது நன்னீரில் வாழும் ஓர் சிற்றுயிர். கடலிற் பிடிக்கும் சிங்க இறாலின் குட்டியோ என ஐயுறத்தக்க உருவினது. அதனைச் சோளக்கதிர், உருளைக்கிழங்கு, மிளகாய்த்தூள் முதலியவற்றோடு பெருங்கொப்பரையில் வேகவைத்து, சிவந்தபின் மேசைமேற் குவியலாகக் கொட்டுவர். உண்போர் தலையைத் திருகி அதன் சாற்றை உறிஞ்சி, வாற்பகுதியின் ஓட்டை நீக்கித் தசையை உண்பர். விரலெல்லாம் காரம், கண்ணெல்லாம் நீர், ஆயினும் எழுவார் ஒருவரும் இலர். ஒருபால் உயிருள்ள கிராபிஷ்களை ஓட்டப்பந்தயம் விடுவர். ஒருபால் பிடிலும் அக்கார்டியனும் முழங்க முதியோரும் இளையோரும் ஆடுவர். மற்றொருபால் எத்தூபே சமைக்கும் போட்டி நிகழும்.

எத்தூபே என்பது கிராபிஷைக் கெட்டியான குழம்பாக்கிச் சோற்றின்மேல் ஊற்றி உண்பது. வெங்காயம், செலரித் தண்டு, குடைமிளகாய் என்னும் மூன்றும் அதற்கு அடிப்படை. இம்மூன்றனையும் அந்நாட்டார் 'பரிசுத்த திரித்துவம்' என்றே வழங்குகின்றனர்! நம் வேதபாட ஆசிரியர் இதனைக் கேட்பின் சினப்பரோ நகைப்பரோ, யாம் அறியோம்.

இவ்வுணவின் பின்னே நெடிய துயரக் கதையொன்று உண்டு. கேஜன் மக்களின் முன்னோர் கனடாவின் கீழ்கரையில் அக்காடியா என்ற நாட்டில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடியானவர். பிரிட்டிஷ் அரசுக்கு நிபந்தனையின்றி விசுவாசப் பிரமாணஞ் செய்ய மறுத்தமையால், 1755 முதல் அவர்கள் வீடும் வயலும் இழந்து கப்பல்களில் ஏற்றிச் சிதறடிக்கப்பட்டனர். அவருட் சிலர் 1764-ஆம் ஆண்டு முதல் லூயிசியானாவை அடைந்தனர். 1785-இல் ஏழு கப்பல்களில் 1,600 பேரளவில் பிரான்சினின்றும் வந்து சேர்ந்தனர். அக்காடியர் என்ற பெயரே தேய்ந்து கேஜன் ஆயிற்று. சதுப்பு நிலத்தில் எது கிடைத்ததோ அதனை உண்டனர். தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளிற் புலால் விலக்கும் கத்தோலிக்கராகிய அவர்க்குக் கிராபிஷ் பேருதவியாயிற்று. நெடுங்காலம் அது ஏழையர் உணவென்று இகழப்பட்டது. இன்றோ, நெல் அறுத்த வயலிலேயே நீர் நிறுத்தி அதனை வளர்த்து விற்கின்றனர்.

அவர்தம் மற்றோர் உணவாகிய கம்போவையும் ஈண்டுக் கூறவேண்டும். கம்போ என்னும் பெயர் வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லினின்றும் வந்ததென்பர் பலர். அடிமைகளாய்க் கொணரப்பட்ட ஆப்பிரிக்கரின் வெண்டைக்காயும், சாக்டா என்னும் பழங்குடியார் சாசபிரஸ் இலையை உலர்த்தி இடித்த பொடியும், பிரெஞ்சு முறையில் மாவைக் கொழுப்பிற் சிவக்க வறுத்த கூட்டும் அக்குழம்பிற் கலக்கின்றன. தன்னை ஆக்கியோர் எவரையும் அக்குழம்பு மறக்கவில்லை. விழாவில் கேஜன் பெயர் மட்டும் ஓங்கி ஒலித்து, மற்றையோர் பெயர் மெல்ல ஒலிப்பது நேர்மையன்று என்பது நம் கருத்து.

இனி மொழிக்கு வருவோம். 1921-இல் இயற்றப்பெற்ற லூயிசியானா அரசியலமைப்பு, பொதுப்பள்ளிகளில் ஆங்கிலமே வழங்கவேண்டுமென விதித்தது. பள்ளி முற்றத்தில் தாய்மொழியிற் பேசிய சிறார், இனிப் பிரெஞ்சு பேசேன் எனப் பன்முறை எழுதுமாறு தண்டிக்கப்பட்டனர். அச்சிறார் வளர்ந்து பெற்றோராயினர். தாம் பட்ட நாணம் தம் மக்கட்கு வேண்டாவெனக் கருதி, குழந்தைகளோடு ஆங்கிலத்திலேயே உரையாடினர். இவ்வாறு ஒரு தலைமுறைக்குள் பாட்டியின் பேச்சைப் பேரன் அறியாதவனானான். 1968-இல் மாகாண அரசே பிரெஞ்சு மொழி வளர்ச்சிக்கென ஒரு கழகம் நிறுவி, அயல்நாடுகளினின்றும் ஆசிரியரை வருவித்தது. பிரெஞ்சிலேயே பாடங் கற்பிக்கும் வகுப்புகளும் பின்னர் எழுந்தன. எனினும் அம்மொழியை வீட்டில் வழங்குவோர் தொகை குறைந்துகொண்டே வருகின்றது. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட நமக்கு இஃது அயலார் செய்தியாகத் தோன்றவில்லை.

'மொழி போயினென்? கொப்பரை கொதிக்கும்வரை கேஜன் இனம் வாழும்' என்று சிலர் கூறலாம். அதில் உண்மை இல்லாமலில்லை. இகழப்பட்ட உணவு ஏற்றம் பெற்றதனாலன்றோ அம்மக்கள் தம்மைத் தலைநிமிர்த்திக் கேஜன் எனச் சொல்லிக்கொள்ளலாயினர்? வேற்றூரார் வந்து உண்டு மகிழ்வதும் நன்றே, மொழியறியாதவரும் சுவையறிவர். ஆயினும் எத்தூபே என்னும் சொல்லுக்கு, மூச்சடங்க மூடப்பட்டது என்பது பொருள். அச்சொல்லை விழாப் பந்தரில் ஆயிரம்முறை கூவுவோருள் அதன் பொருளைத் தாய்மொழியாக உணர்வோர் எத்துணையர்? உணவின் பெயர்கள் மட்டும் எஞ்சுமாயின், அவை ஊரழிந்தபின் நிற்கும் எல்லைக்கற்களை ஒக்கும்.

விழாவை நிறுத்துக என்று நாம் கூறவில்லை. பெருக்குக என்றே கூறுகின்றோம். எத்தூபே போட்டியில் கரண்டி பிடித்து நிற்கும் மூதாட்டியரிற் சிலர்க்கேனும் பழம்பேச்சு இன்னும் நாவில் உண்டு. அவரைச் சூழப் பள்ளிச் சிறாரை அமர்த்துக. வெங்காயம் எத்துணை வதங்கவேண்டும், காரம் எப்பொழுது இடவேண்டும் என்பதை அவர் தம் பிரெஞ்சிலேயே சொல்லட்டும். சிறுவர் அதனைத் திருப்பிச் சொல்லியபின் தட்டு நீட்டட்டும்.