பழைய ஓட்டை, புது நூல்

களியக்காவிளையில் பஸ்ஸை விட்டு இறங்கி பாறசாலைப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் மாநிலம் மாறிவிடும். கடைப் பலகைகளில் எழுத்து மாறும். டீக்கடைப் பேச்சு அவ்வளவு சுலபத்தில் மாறாது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. எல்லைக்கு இரண்டு பக்கமும் பனை உண்டு, ஓலை முடைகிறவர்களும் உண்டு.

அப்படி ஒரு கிராமத்துக்குத் தாத்தாவின் வைக்கோல் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனேன். இலங்கைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர் ஊர் திரும்பும்போது கொண்டுவந்தது. பிறகு அப்பா வயலுக்குப் போட்டுக்கொண்டு போனார். இப்போது விளிம்பில் மூன்று சுற்றுத் தையல் விட்டுத் தொங்குகிறது. நகரத்துத் தையல்காரர் ஒருவர் மெஷினில் வைத்து நைலான் நூலால் ஒரு ஓட்டு ஓட்டிக் கொடுத்தார். பத்து நாளில் அந்தக் கோட்டிலேயே வைக்கோல் கிழிந்தது. தபால் தலைகளுக்கு நடுவே வரிசையாக ஓட்டை போடுவது கிழிப்பதற்காகத்தான் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இந்தத் தொப்பிகளின் கட்டுமானம் எளிமையானது. கோதுமைத் தாளை நாடாவாகப் பின்னிக்கொள்வார்கள். உச்சியின் நடுவில் தொடங்கி, ஒரு சுற்றின் ஓரத்தின்மேல் அடுத்த சுற்று ஏறும்படி வளைத்து வளைத்துத் தைத்துக்கொண்டே வந்தால் விளிம்பில் முடியும். முதலில் கையால்தான் தைத்தார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா விவசாயி ஜேம்ஸ் கிப்ஸ் 1857-இல் ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அந்த வகை மெஷின்கள் இங்கிலாந்தில் தொப்பிக்குப் பேர்போன லூட்டன் நகரத்துப் பட்டறைகளுக்கும் வந்துவிட்டன.

சங்கிலித் தையல் வேகமானது, வளைந்து கொடுக்கக் கூடியது. அதன் குறை, அரிசி மூட்டையின் வாயைப் பிரித்தவர்களுக்குத் தெரியும். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் சரசரவென்று வந்துவிடும். தொப்பியிலும் அதே கதைதான். ஓரிடத்தில் நூல் இற்றுப்போனால் ஒவ்வொரு தையலாகக் கழன்றுகொண்டே போகும். ஆகவே தையல் விட்ட தொப்பிக்கு முதல் உதவி, தொங்குகிற நூலை இழுக்காமல் இருப்பது. அந்த நுனியைக் கடைசிக் கண்ணிக்குள் விட்டு முடிந்துவிட்டால் மேற்கொண்டு கழலாது.

நான் பார்க்கப் போன அம்மச்சிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இளம் வயதில் லேஸ் பின்னியிருக்கிறார். நாகர்கோவிலில் 1820-களில் மிஷனரி மனைவி மார்த்தா மால்ட் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய கை வேலை அது. பிறகு இந்தப் பக்கத்துப் பெண்கள் பலருக்குப் பிழைப்பானது. கல்யாணத்துக்குப் பிறகு பனையோலை. பெட்டி, கடவம், சுளகு, தொப்பி எல்லாம் செய்தவர்.

தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது ஓலை இல்ல மக்களே. ஆனா ஓலைக்க குணந்தான் இதுக்கும். காஞ்சா ஒடியும், நனைஞ்சா வளையும்.”

“தண்ணியில போடணுமா அம்மச்சி?”

“வெப்ராளப்படாத. முக்கினா பசை எல்லாம் போயிரும்.”

அவர் சொன்னது சரி. பழைய தொப்பிகளுக்கு விறைப்புக் கொடுக்கப் பசை ஏற்றியிருப்பார்கள். தண்ணீரில் முக்கினால் அது கரைந்து தொப்பி தொளதொளத்துவிடும். வெள்ளைத் துணியை நனைத்து, இறுகப் பிழிந்து, தையல் விட்ட பகுதியில் மட்டும் சுற்றி அரை மணி நேரம் வைத்தார். நைலான் நூலை இழுக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுத்தார். பிறகு பருத்தி நூலில் தேன்மெழுகு தடவி, மெல்லிய ஊசியில் கோர்த்தார்.

தையல் விட்ட இடத்துக்கு இரண்டு அங்குலம் முன்பே, உறுதியாக இருந்த பகுதியில் தொடங்கினார். மெஷின் கிழித்த இடத்தில் மட்டும் உள்பக்கம் ஒரு துண்டுக் குருத்தோலை நாடாவை ஒட்டுப் போட்டார். மற்ற இடங்களில் ஊசி பழைய ஓட்டைக்குள்தான் இறங்கியது. “பழைய ஓட்டை இருக்கும்போ புது ஓட்டை எதுக்கு?” என்றார். முன்னே ஒரு தையல், பின்னே அரைத் தையல் என்று போனார். இதில் ஒவ்வொரு தையலும் தன் காலில் நிற்கும். ஒன்று அறுந்தாலும் பக்கத்துத் தையல் சட்டென்று கழலாது. நூலைச் சுற்றுகள் படியும் அளவுக்கு மட்டும்தான் இழுத்தார். அதற்கு மேல் இழுத்தால் விளிம்பு சுருங்கும், இல்லையென்றால் நூலே தாளை அறுக்கும். நைலான் ஆகாது என்பதும் அதனால்தான். நூலும் தாளும் மோதினால் நூல் அறுவதே நல்லது. நூலை மாற்றலாம், எழுபது வருஷத் தாளை மாற்ற முடியாது.

கடைசியில் தலை அளவுக்கு ஒரு பாத்திரத்தைத் தேடி எடுத்து, கவிழ்த்து, அதன்மேல் தொப்பியை மாட்டி நிழலில் காயவைத்தார். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காய்ந்து மறுபடி ஒடியும். வீட்டில் வைக்கும்போது உச்சி கீழே, விளிம்பு மேலே இருக்கட்டும் என்றார். விளிம்பில் பாரம் விழாது.

மொத்தம் மூன்று மணி நேரம். நூறு ரூபாய் கேட்டார். கூடக் கொடுத்ததற்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். பெண்கள் இருவரும் இந்த வேலைக்கு வரவில்லை. ஒருத்தி நர்ஸ், ஒருத்தி டெக்ஸ்டைல் கடையில். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூன்று மணி நேரத்துக்கு நூறு ரூபாய் என்றால் யார் வருவார்கள்?

பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். கலெக்டர் அனுமதியில்லாமல் அதை வெட்டக் கூடாது என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. கேரளமோ பனைப் பொருள் வளர்ச்சிக்கும் தொழிலாளர் நலத்துக்கும் தனியாகக் கழகமே வைத்திருக்கிறது. மரத்துக்கு இப்படிக் காவல் போடலாம். எவ்வளவு இழுத்தால் போதும் என்று தெரிந்த விரல்களுக்கு எந்தச் சட்டத்தில் காவல் போடுவது? அவற்றுக்கு வேலை கொடுத்தால்தான் உண்டு.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு தொப்பியோ பெட்டியோ சுளகோ கிடக்கலாம். நூல்தான் போயிருக்கும். தூக்கிப் போடுமுன் பக்கத்தில் ஓலை முடைகிற ஒருவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால் வேலையைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கூலி பேசும்போது மட்டும் அவர் கேட்பதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம், குறைத்துத்தான் கேட்பார்.